டீகம்ப்ரஷன் (அழுத்தத்தைத் தளர்த்துதல்): ஒரே சொல், நான்கு கேள்விகள்

கேள்வி: ஞாயிறு காலை புதுச்சேரியில் இரண்டு ஸ்கூபா டைவ். அன்றிரவே சென்னையிலிருந்து விமானம் ஏறலாமா?

வேண்டாம். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கடலில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூச்சில் போகும் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் மூச்சிலேயே வெளியேறிவிடும். சட்டென்று வந்தால் கோலி சோடாவை உடைத்த கதைதான், உடம்புக்குள்ளேயே குமிழி. இதுதான் டீகம்ப்ரஷன் நோய். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமோ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே வேலையைக் காட்டும்.

மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் படுக்கவைத்து 100% ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை (காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அறை) வசதியுள்ள மருத்துவமனையை உடனே கேளுங்கள். மறுபடி ஒருமுறை முங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: பழைய இரும்பு எஞ்சின் புல்லட். கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. இடது கைப்பிடியில் உள்ள குட்டி லிவர் எதற்கு?

அதுதான் டீகம்ப்ரஸர். எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கி, சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளியே விடும். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக நிற்கும் இடம் வரும். அங்கே லிவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரே மிதி. பாதியில் காலை எடுத்தால்தான் அடி விழும். இப்படிச் செய்தும் அடித்தால் மெக்கானிக்கிடம் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பார்க்கச் சொல்லுங்கள்.

லிவர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், நாளடைவில் வால்வே கருகும்.

கேள்வி: ஜிப் கோப்பைப் பென்டிரைவில் பிரித்தால், இடமிருந்தும் பாதியில் நின்றுவிடுகிறது.

சுருக்கிய கோப்பைப் பிரிப்பதும் டீகம்ப்ரஷன்தான். பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக நிற்காது. உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி: ஜவ்வு விலகலுக்கு டீகம்ப்ரஷன் ஆபரேஷன் அவசியமா?

நரம்பை நசுக்கும் எலும்புத் துண்டையோ பிதுங்கிய ஜவ்வையோ எடுப்பதுதான் அது. முதுகுவலியைவிடக் காலுக்கு இறங்கும் வலிக்கே நன்றாகக் கேட்கும். பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும், அவசரமில்லை. ஆனால் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால்கள் துவண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.