கார் நிறுவனம் 150 குதிரைத்திறன் என்கிறது, காரை உருளைகள் மேல் ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில் 125தான் வருகிறது. எடைக்கேற்ற திறனை, அதாவது டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதை, இதில் எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது?

இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். நிறுவனம் சொல்வது எஞ்சினின் கிராங்க் தண்டில், அதாவது எஞ்சினிலிருந்து திறன் வெளியே வரும் இடத்தில், அளந்தது. உருளை டைனோ அளப்பது சக்கரத்துக்கு வந்து சேர்வதை. நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். இந்த இழப்பு 15 சதவீதம் என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அது வெறும் தோராயம், வண்டிக்கு வண்டி மாறும்.

டைனோ எண்ணும் கல்வெட்டு அல்ல. காரைக் கட்டும் பட்டையைக் கொஞ்சம் இறுக்கினாலோ, டயரில் காற்று குறைந்தாலோ அளவு இறங்கிவிடும். வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கான திருத்தக் கணக்கும் இடத்துக்கு இடம் வேறு. எனவே ஒரே டைனோவில் அளந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். டியூனிங்குக்கு முன்னும் பின்னும் பார்க்க அதுதான் அருமையான கருவி.

இப்போது எடை. 1,200 கிலோ காரில் 150 என்றால் டன்னுக்கு 125 குதிரைத்திறன். 1,700 கிலோ காரில் 200 என்றால் சுமார் 118. இரண்டிலும் 150 கிலோவுக்கு ஆட்களை ஏற்றுங்கள்: 111, 108. வித்தியாசம் பாதிக்கும் கீழே போய்விட்டது! அப்புறம், ஒரு காருக்குக் கிராங்க் எண், மற்றதற்குச் சக்கர எண் என்று மட்டும் கலந்துவிடாதீர்கள்.