கூட்டுப் பயிற்சி நடத்தினால் கூட்டணி ஆகிவிடுமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு வாசகியின் கேள்வி: "இரண்டு நாடுகள் கூட்டுக் கடற்பயிற்சி நடத்துகின்றன. வேறு இரண்டு நாடுகள் ராணுவத் தளவாட ஒப்பந்தம் போடுகின்றன. இன்னொரு நாட்டை 'நேட்டோ அல்லாத முக்கியக் கூட்டாளி' என்று அமெரிக்கா அறிவிக்கிறது. நாளை போர் வந்தால் இவர்களில் யார் யாருக்காக வந்து நிற்பார்கள்? செய்தியைப் படிக்கும்போதே இதைப் பிரித்தறிய முடியுமா?"

முடியும். நீங்கள் சொன்ன மூன்றிலுமே யாரும் யாருக்காகவும் போருக்கு வரக் கடமைப்பட்டவர்கள் இல்லை. அந்தக் கடமை பரஸ்பர பாதுகாப்பு உடன்படிக்கையில்தான் வரும். அதனால் ஒரு செய்தியைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது, அப்படி ஒரு உடன்படிக்கை அந்த நாடுகளுக்குள் இருக்கிறதா என்பதைத்தான். அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இருக்கிறது, 1960-இல் கையெழுத்தானது. அமெரிக்காவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் 1951 முதல் இருக்கிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இல்லை.

சரி, உடன்படிக்கை இருந்துவிட்டால் போதுமா? வாசகத்தை முழுதாகப் படிக்க வேண்டும். நேட்டோவையே எடுத்துக்கொள்வோம். 1949 ஏப்ரலில் 12 நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்திட்டன. இன்று உறுப்பு நாடுகள் 32. அதன் 5-ஆவது பிரிவில் 'ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல்' என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து வருவதைத்தான் பலர் படிப்பதில்லை. ஒவ்வொரு நாடும், ஆயுத பலம் உட்பட, தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்கிறது அது. போர் அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையில் இருப்பதால், தானாகப் போருக்குள் இழுக்கும் வாசகத்தை அமெரிக்க செனட் ஏற்றிருக்காது. முடிவை ஒவ்வொரு நாட்டிடமும் விடும் அந்த இடைவெளி அதனால்தான்.

இந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. அப்போது நேட்டோவின் அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள் ஐரோப்பாவிலிருந்து போய், 2001 அக்டோபர் முதல் 2002 மே வரை அமெரிக்க வான்வெளியைக் காத்தன. அமெரிக்கா ஐரோப்பாவைக் காப்பதற்காக எழுதப்பட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த பிரிவு அது!

அந்தப் பிரிவு எந்த எல்லைவரை செல்லும் என்பதையும் பாருங்கள். 1982-இல் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது பிரிட்டன் நேட்டோ உறுப்பு நாடுதான். ஆனாலும் 5-ஆவது பிரிவு பொருந்தவில்லை. அட்லாண்டிக்கில் கடக ரேகைக்கு வடக்கே உள்ள பகுதிக்குத்தான் அது செல்லும், ஃபாக்லாந்து தெற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. ஆனாலும் அமெரிக்கா சைட்விண்டர் ஏவுகணைகளைக் கொடுத்தது, அட்லாண்டிக்கின் நடுவே உள்ள அசென்ஷன் தீவில் விமான எரிபொருளும் கொடுத்தது. அந்த ஏவுகணைகள் பிரிட்டனின் ஹாரியர் விமானங்களில் அப்படியே பொருந்தின. எந்த உடன்படிக்கைப் பிரிவும் கட்டாயப்படுத்தாத உதவி இது. பல ஆண்டுகள் சேர்ந்து இயங்கிய பழக்கத்தால்தான் அது அத்தனை சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஆர்மீனியாவுக்கு. ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை அமைப்பில் அது உறுப்பு நாடு. 2022 செப்டம்பரில் அஜர்பைஜானுடன் எல்லையில் மோதல் வெடித்தபோது உதவி கேட்டது. நிலைமையை அறிய ஒரு குழு வந்தது, படை வரவில்லை. 2024-இல் ஆர்மீனியா அந்த அமைப்பில் தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது.

ஆக, உடன்படிக்கை வாசகம் மட்டும் போதாது, சேர்ந்து இயங்கும் பழக்கமும் வேண்டும். அதனால்தான் நான் தளவாட ஒப்பந்தங்களைக் கூர்ந்து படிக்கச் சொல்கிறேன். செய்தியில் அவை கடைசிப் பத்தியில் கிடக்கும். இந்தியாவும் அமெரிக்காவும் 2016 ஆகஸ்டில் போட்ட லெமோவா ஒப்பந்தம் நல்ல உதாரணம். அது யாருக்கும் ராணுவத் தளம் தரவில்லை. எரிபொருள், உணவு, உதிரிபாகம், பழுதுபார்ப்பு போன்றவற்றைப் பரஸ்பரம் கொடுத்து வாங்கிக் கணக்குத் தீர்க்க வழி செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் நடுக்கடலில் அந்த 'அவ்வளவுதான்' எத்தனை பெரியது என்று பாருங்கள். ஒரு போர்க்கப்பலும் வேறு நாட்டு எண்ணெய்க் கப்பலும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கயிறு வீசி, குழாயை இழுத்து மாட்ட வேண்டும். குழாய் முனை பொருந்த வேண்டும், எரிபொருளின் தரம் ஒத்துப்போக வேண்டும், இரு பக்கத்தாரும் ஒரே சைகைகளைப் புரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் அந்த எண்ணெய்க்கு யார் எந்தக் கணக்கில் பணம் தருவது? ஒப்பந்தம் இல்லையென்றால் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் தனியாகப் பேசி அனுமதி வாங்க வேண்டும்.

வீரர்கள் இன்னொரு நாட்டில் தங்கும்போது அவர்களின் சட்ட நிலை பற்றிய ஒப்பந்தமும் இப்படித்தான், யாரும் கவனிக்காதது. பணி முடிந்து வெளியே போன வீரர் வண்டியை ஒருவர் மீது மோதிவிட்டால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்? நேட்டோ நாடுகள் 1951-இலேயே இதற்கு விடை எழுதிவிட்டன. கடமையைச் செய்யும்போது நடந்த குற்றம் என்றால் அனுப்பிய நாட்டுக்கு முன்னுரிமை, மற்றவற்றில் பெரும்பாலும் தங்கியிருக்கும் நாட்டுக்கு.

பயிற்சிச் செய்தியில் எத்தனை கப்பல் என்பதைவிட என்ன பயிற்சி என்பதைப் பாருங்கள். பேரிடர் மீட்புப் பயிற்சியை எவரோடும் நடத்தலாம். நீர்மூழ்கியைத் தேடும் பயிற்சி அப்படியல்ல. உங்கள் கருவிக்கு எவ்வளவு தூரம் காது கேட்கும் என்பதை எதிரே இருப்பவர் ஓரளவு கணித்துவிடுவார், நம்பிக்கை இல்லாதவரோடு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். மலபார் என்ற கூட்டுக் கடற்பயிற்சி 1992-இல் இந்தியா, அமெரிக்கா இரண்டோடு சிறியதாகத் தொடங்கியது. ஜப்பான் 2015-இல் நிரந்தரமாகச் சேர்ந்தது, ஆஸ்திரேலியா 2020-இல் திரும்ப வந்தது. இன்று நீர்மூழ்கி வேட்டை அதில் முக்கிய இடம் பிடிக்கிறது. நால்வரையும் ஒன்றாகப் பிணைக்கும் பாதுகாப்பு உடன்படிக்கை மட்டும் இன்றுவரை இல்லை.

அப்புறம், அந்த 'நேட்டோ அல்லாத முக்கியக் கூட்டாளி'. அது அமெரிக்கச் சட்டம் தரும் ஒரு தகுதி. ஆயுத ஆராய்ச்சியில் சேர்ந்து வேலை செய்வது, உபரித் தளவாடங்களைப் பெறுவது போன்ற சலுகைகள் உண்டு. பாதுகாப்பு உத்தரவாதம் எதுவும் கிடையாது. பாகிஸ்தானுக்கு 2004-இல் அது கிடைத்தது. ஆப்கானிஸ்தானுக்கு 2012-இல் கிடைத்தது, தாலிபான் ஆட்சியைப் பிடித்த பிறகு 2022-இல் ரத்தானது.