சிறிய டிரஸ்டுக்கு சி.எஸ்.ஆர். நிதி கிடைக்குமா?

40 முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம், டிரஸ்ட் பதிவும் இருக்கிறது, ஆனால் சி.எஸ்.ஆர். நிதி (கம்பெனிகள் சட்டப்படி தங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கும் பணம்) கேட்டு எழுதினால் எந்தக் கம்பெனியும் பதில் போடுவதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். டிரஸ்ட் பத்திரத்தை மட்டும் வைத்துக் கேட்டால் பதில் வராது. வருமான வரித் துறையின் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவு இரண்டும் வேண்டும். அதன் பிறகு எம்.சி.ஏ. (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். அதற்கு ஒரு டிரஸ்டியின் டிஜிட்டல் கையொப்பமும் ஆடிட்டர் சான்றும் வேண்டும். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பத்திரத்தில் 'அறக்கட்டளை', பான் கார்டில் 'டிரஸ்ட்' என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை மூன்று வருட அனுபவம். வெறும் மூன்று வருடம் அல்ல, அதே மாதிரி வேலையில் மூன்று வருடம். இதுவரை நோட்டுப் புத்தகம் கொடுத்துவந்த டிரஸ்ட் திடீரென்று சாப்பாட்டுக்குக் கேட்டால் இடிக்கும். அனுபவம் போதாதென்றால், கம்பெனியே நேரடியாக அரிசி பருப்பு வாங்கித் தரும் ஏற்பாட்டைக் கேளுங்கள். கம்பெனி தானே நடத்தும் திட்டத்துக்கு சி.எஸ்.ஆர்-1 தேவையில்லை.

யாரிடம் கேட்பது? எல்லோரும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பெரிய பெயர்களுக்கே மெயில் அனுப்புகிறார்கள். முந்தைய நிதியாண்டில் நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகூட, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழித்தாக வேண்டும். உங்கள் பக்கத்து ஸ்பின்னிங் மில்லோ பவுண்டரியோ இதில் வரலாம். அப்படிச் செலவழிக்க வேண்டிய தொகை வருடத்துக்கு 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அவர்களுக்குத் தனி சி.எஸ்.ஆர். குழு தேவையில்லை, போர்டே முடிவெடுக்கும். எம்.டி.யை நேரில் பார்த்துப் பேசிவிடலாம். உள்ளூருக்கு முன்னுரிமை தரச் சொல்லிச் சட்டமே சொல்கிறது. மார்ச்சில் போகாதீர்கள். கணக்கு முடிந்து புது வருடத் திட்டம் போடும் மாதங்களில் போங்கள்.

பட்ஜெட்டை 'மாதம் ஐம்பதாயிரம்' என்று மொட்டையாக எழுதினால் அங்கேயே நிற்கும். 40 பேர், 26 நாள், ஒரு சாப்பாடு 45 ரூபாய் என்றால் மாதம் 46,800. அந்த 45-ஐயும் பிரித்துக் காட்டுங்கள்: எடுத்துக்காட்டுக்கு மளிகை காய்கறி 24, கேஸ் 4, சமையல் கூலி 11, ஆட்டோ 6. வருகைப் பதிவேட்டின் ஒரு பக்க நகலையும் வையுங்கள். கைரேகையோடு இருக்கும் அந்தப் பக்கம் பத்துப் பக்க முன்னுரையைவிட நன்றாகப் பேசும்.

"நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, சம்பளம் போடாதீர்கள்" என்று கம்பெனித் தரப்பிலேயே சொல்வார்கள். பின்னூட்டத்திலும் யாராவது வந்து சொல்வார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்கு வைத்துக்கொள்ளும் செலவுக்கான வரம்பு. சமையல்காரர் கூலி திட்டச் செலவு. இதைச் சொல்லப் பயந்து சம்பளத்தை மளிகைக் கணக்கில் ஒளித்துவைப்பவர்கள்தான் பிறகு ஆடிட்டில் மாட்டுகிறார்கள். கம்பெனி தன் கொள்கைப்படி குறைத்துத் தரலாம், அது வேறு.

சி.எஸ்.ஆர். பணத்தை கார்பஸில் (டிரஸ்டின் நிரந்தர மூலதன நிதியில்) போட முடியாது. கிரைண்டரோ வேனோ வாங்கினால் டிரஸ்ட் பெயரில்தான் பில் இருக்க வேண்டும், மேனேஜிங் டிரஸ்டி பெயரில் அல்ல. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாகக் கணக்கில் வராது. மளிகைக்கடைக்கு யு.பி.ஐ. அல்லது காசோலைதான். 'வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் வெட்டுங்கள்' என்று வரும் புரோக்கரையும், ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் கம்பெனியையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். யூ.சி.யில் (பணம் எப்படிச் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழில்) ஆடிட்டரோடு சேர்ந்து கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு ஆறும்வரை முதியவர்களை நிறுத்திவைத்து, கையில் தட்டும் பின்னால் பேனருமாகப் படம் எடுக்கும் வழக்கம் எரிச்சலாக இருக்கிறது. கம்பெனிக்கு ஆதாரம் வேண்டும்தான், மறுக்கவில்லை. அதற்குச் சமையலறைப் படம், பில், பதிவேடு போதும். முகம் தெரியும் படம் சம்மதம் இல்லாமல் எடுப்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கையெழுத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், பணம் வந்தபின் கேட்டால் சங்கடம்.