பரிசோதனைக்கு வர மறுக்கும் அம்மா

46 வயது அம்மா கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார், பயங்கரமான வீடியோக்களைக் காட்டியும் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த வீடியோக்களை நிறுத்துங்கள். பயம் மட்டும் ஏறினால் மனசு அந்தப் பேச்சையே தவிர்க்கப் பார்க்கும். என் அத்தை அப்படித்தான், பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுவார். அவருக்கு உண்மையில் இருந்தது கூச்சம். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பது பெண் நர்ஸ்தான், வினிகர் போன்ற கரைசலைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார், அவ்வளவுதான் என்று சொன்ன பிறகுதான் முகம் இளகியது. புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும் மாற்றங்களை முன்பே கண்டு நீக்கிவிடலாம் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம், "ஒருநாள் போகலாம்" என்று விடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி பஸ், துணைக்கு யார், அன்றைக்குச் சமையல் யார் என்று பேசி முடித்து, காலண்டரில் அவர் கையாலேயே எழுத வையுங்கள். மாதவிலக்கு நாட்கள் வேண்டாம். அரசு நிலையத்தில் இலவசம்தான். ஒருவேளை மாதவிலக்கு இல்லாத நாட்களில் இரத்தக் கசிவு இருந்தால், இதற்கெல்லாம் காத்திருக்காமல் நேராகப் பெண்கள் நல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.