தட்டம்மை ஊசி ஏன் எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டவில்லை? கேள்வி பதில்

கேள்வி: ஊசி இலவசம்தானே மேடம்? பிறகும் ஏழை நாடுகளில் இத்தனை குழந்தைகள் விடுபடுவது பெற்றோரின் அலட்சியத்தாலா?

பதில்: அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஊசிதான் இலவசம், போய்வருவது இல்லை. பஸ் செலவு, ஒரு நாள் கூலி, வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். இதையெல்லாம் சமாளித்து வந்து நிற்கும் தாயிடம் "இன்னைக்கு ஆள் சேரலை, அடுத்த வாரம் வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால் அவர் மறுபடி வருவாரா?

அந்தப் பதிலுக்குக் காரணம் மருந்துக் குப்பி. பல நாடுகளில் ஒரு குப்பியில் 10 டோஸ் இருக்கும். பொடியில் அதற்குரிய திரவத்தைக் கலந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இரண்டே குழந்தைகள் வந்திருந்தால், எட்டு டோஸ் வீணானதற்கு யார் பதில் சொல்வது என்று செவிலியர் தயங்குகிறார். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறங்கள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதை நம்பித் திறக்கும் அளவுக்குக் கையிருப்பும் வர வேண்டும் அல்லவா?

கேள்வி: மற்ற ஊசிகளைப் போட்ட குழந்தைக்கும் இது மட்டும் தவறுகிறதே?

பதில்: இடைவெளிதான். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி பெரும்பாலும் 6, 10, 14 வாரங்களில் முடிந்துவிடும். தட்டம்மைக்கு 9 மாதம் ஆக வேண்டும். அதற்குள் அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், குடும்பம் பிழைப்புக்காக இடம் மாறியிருக்கும். ஒன்றேகால், ஒன்றரை வயதில் வரும் இரண்டாம் தவணை இன்னும் மறந்துபோகும். 2023இல் உலக அளவில் முதல் தவணை 83%, இரண்டாவது 74%. இந்த நோய் பரவும் வேகத்துக்கு இரண்டுமே 95% தேவை.

கேள்வி: தாயின் படிப்பு முக்கியமா?

பதில்: ரொம்பவே. கர்ப்பகாலப் பரிசோதனையும் மருத்துவமனைப் பிரசவமும் அப்படித்தான். ஆனால் மருந்தே வராத ஊரில் படித்த தாய் என்ன செய்வார்?

கேள்வி: ஊசி போட்டு குழந்தைகள் இறந்ததாகப் படித்தேன். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது, அதனால் முழுவதையும் சொல்கிறேன். 2018இல் பசிபிக் தீவு நாடான சமோவாவில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஊசிப்பொடியில் உரிய திரவத்துக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைத் தவறிக் கலந்துவிட்டார்கள். தடுப்பூசியில் கோளாறு இல்லை. ஆனாலும் ஊசி போடுவது பல மாதம் நின்றது, மக்கள் நம்பிக்கை போனது. 2019 இறுதியில் தட்டம்மை நுழைந்தபோது, சுமார் 2 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. அட்டையும் தொலைந்துவிட்டது, லேசான சளி வேறு. போகலாமா?

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். லேசான சளி தடையே இல்லை. இதற்காகத் திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளும் நிறைய. ஏற்கெனவே போட்டிருந்து மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை. புது அட்டை கேட்டு வாங்கி, அடுத்த தவணைத் தேதியை அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.