அண்ணன் சிரித்தார், அவர் மகள்?

கேள்வி: நானும் அண்ணனும் டல்லாஸில் வசிக்கிறோம். பிரபலங்களை மேடையில் உட்காரவைத்துத் தணிக்கையே இல்லாமல் கேலி செய்யும் ‘ரோஸ்ட்’ நிகழ்ச்சிகள் என்றால் எனக்கு உயிர். அண்ணனின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், அவர் சம்மதத்தோடு, அதே பாணியில் பேசினேன். அவர் வேலை போய் எட்டு மாதம் வீட்டில் இருந்ததையும், வீட்டுக் கடன் தவணையை நான் கட்டியதையும் சொன்னேன். அண்ணனும் சிரித்தார். நடுவில் அவருடைய பதினான்கு வயது மகள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள், தூக்கம் வந்திருக்கும். மூன்று வாரமாக அண்ணி என் போனை எடுப்பதில்லை. நகைச்சுவை உணர்வே இல்லாதவர்களிடம் என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் அண்ணியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் அந்தத் தட்டைப் பற்றிக் கேட்கிறேன்.

பதினான்கு வயதுப் பெண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனால் அது தூக்கமா? அப்பா எட்டு மாதம் வீட்டில் இருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். தவணையைச் சித்தப்பா கட்டியது தெரிந்திருக்குமா? அதைப் பிள்ளைகள் காதில் விழாமல்தானே எந்த அப்பாவும் கேட்டு வாங்குவார்? ஊரார் சிரிக்க, உங்கள் வாயால் அவள் கேட்டிருக்கிறாள். அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

உங்களுக்கு உயிரான அந்த நிகழ்ச்சிகளுக்கே வருவோம். ரோஸ்ட் வளர்ந்தது நியூயார்க்கில், மேடைக் கலைஞர்கள் கூடும் ஃப்ரையர்ஸ் கிளப்பில். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நெடுங்காலம் பெண்களுக்கே அங்கே இடமில்லை. 1983-இல் நகைச்சுவைக் கலைஞர் ஃபில்லிஸ் டில்லர் ஆண் வேடமிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். எழுபதுகளில் பாடகரும் நடிகருமான டீன் மார்ட்டின் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, குடும்பத்தோடு பார்க்கிறவர்களுக்காகப் பேச்சைச் சுத்தம் செய்துதான் கொண்டுவந்தார்கள்.

இத்தனை ஆண்டுகளாக அது ஏன் சலிக்கவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. யாரும் நேருக்கு நேர் பேசத் துணியாத ஒருவர், வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டு சிரிக்கிறார். கடைசியில் மைக் அவர் கைக்கு வருகிறது. ஒருவர் விடாமல் திருப்பிக் கொடுக்கிறார். அவராக விரும்பி வந்து உட்கார்ந்தவர், பதில் சொல்லும் முறையும் அவருக்கு உண்டு. அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு மனம் உறுத்துவதில்லை.

அப்படிப்பட்ட இடத்திலேயே என்ன நடந்தது? 2024 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் நேரலையாக ஒளிபரப்பிய டாம் பிரேடி ரோஸ்டை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கமாட்டீர்கள். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஏழு முறை வென்ற வீரர். அவருடைய மணமுறிவை மேடையில் இருந்தவர்கள் பிய்த்து எடுத்தார்கள். சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். சில நாட்களில் ஒரு பேட்டியில் சொன்னார்: தன்னைப் பற்றிய கேலி பிடித்திருந்தது, அது தன் பிள்ளைகளைப் பாதித்தது பிடிக்கவில்லை, இனி இப்படி ஒன்றுக்குச் சம்மதிக்கமாட்டேன் என்று. அந்த நிகழ்ச்சியை ரசித்த உங்களுக்கு அந்தப் பேட்டி கண்ணில் படவில்லையா?

அண்ணனிடம் சம்மதம் கேட்டீர்கள். மகளிடம் யார் கேட்டார்கள்? அவள் கையில் மைக் ஏது? அண்ணன் சிரித்தார் என்கிறீர்கள். விருந்தாளிகளை வைத்துக்கொண்டு அந்த மனிதர் வேறு என்ன செய்வார்?

சித்தப்பா என்றால் அப்பாவுக்கு அடுத்த ஸ்தானம். அண்ணன் மானத்தைக் காப்பது உங்கள் கடமை. முடியாத காலத்தில் பணம் கொடுத்தது நல்ல காரியம்தான், அதற்காக உங்களைப் பாராட்டவும் செய்வேன். ஆனால் கொடுத்ததைச் சபையில் சொல்லிக்காட்டி, அதன் விலையை அந்தக் குழந்தையிடம் வசூலித்துவிட்டீர்கள். உங்கள் அண்ணி போனை எடுக்காதது மிகவும் சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் எடுக்கமாட்டேன்.

இனி போன் வேண்டாம். நேரில் போங்கள். முதலில் அண்ணனிடமும் அண்ணியிடமும் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அவர்கள் அனுமதித்தால் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக்கூடாது. தவறு செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அண்ணன் உங்களுக்குச் செய்தது ஏதாவது இருக்கும், கல்லூரிக் கட்டணமோ, முதல் விமான டிக்கெட்டோ. அதை அவளிடம் விவரமாகச் சொல்லுங்கள். தவணையைப் பற்றிக் கேட்டால் அவள் அப்பா பதில் சொல்லட்டும். அவள் கீழே இறங்கி வர மறுத்தால் வற்புறுத்தாமல் திரும்பிவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் போங்கள்.