பழைய எஸ்யூவியின் பின்பக்கம் அமுங்கிவிட்டதா? கேள்வி பதில்

பின்பக்கம் இறங்கிப்போன பழைய எஸ்யூவியைக் குறைந்த செலவில் நிமிர்த்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள்.

கேள்வி: 15 வருட வண்டி. பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே பள்ளத்தில் 'டக்'கென்று இடிக்கிறது. பின் ஷாக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றினால் உயரம் வருமா?

வராது. கேஸ் ஷாக் போட்டால் துளி உயர்ந்த மாதிரி தெரியலாம், அவ்வளவுதான். ஷாக்கில் எண்ணெய் கசிந்தாலோ, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே போனாலோ அதை மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது தனிக் கணக்கு.

முதலில் அளந்து பாருங்கள், இதற்குச் செலவே இல்லை. சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, டிக்கியைக் காலி செய்யுங்கள். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி விடுங்கள். அப்புறம் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, நான்கு அளவையும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் கணக்கில் வந்துவிடும். உங்கள் மாடலுக்கான சரியான உயரம் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

காலி வண்டியிலேயே உயரம் குறைவு என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. காலியாக இருக்கும்போது சரியாக நின்று, ஆள் ஏறினால் மட்டும் இறங்குகிறது என்றால் எவ்வளவு எடை ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். இரும்பு பம்பர், கூரை கேரியர், கேஸ் சிலிண்டர், டிக்கியில் நிரந்தரமாகக் கிடக்கும் கருவிப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆள் எடைக்கு மேலேயே வந்துவிடும். வேண்டாததை இறக்கி வைப்பதுதான் இருப்பதிலேயே மலிவான வைத்தியம்.

கேள்வி: காயில் (சுருள்) ஸ்பிரிங் வண்டி. இடது பின்பக்கம் மட்டும் இறங்கியிருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் என்றால் உடைப்பைத் தேடுங்கள். காயிலின் அடிச்சுற்று உட்காரும் தட்டில் சேறும் தண்ணீரும் தங்கித் தங்கித் துருப்பிடிக்கும். அந்தச் சுற்றின் நுனி ஒரு விரல் நீளத்துக்கு ஒடிந்து, தட்டுக்குள்ளேயே கிடக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. தண்ணீர் அடித்துக் கழுவி, டார்ச் வைத்துப் பாருங்கள். இரண்டு நுனியும் ஒரே மாதிரி வெட்டுடன் முடிகிறதா, அல்லது ஒன்று கரடுமுரடாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் இருக்கும் ரப்பர் தட்டையும் பாருங்கள். அது நைந்து போனாலும் உயரம் குறையும், மாற்றுவதற்குச் செலவும் குறைவு.

இன்னொன்று, கோளாறு முன்பக்கத்திலும் இருக்கலாம். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை ஆக்சில் குழாய் உள்ள வண்டி என்றால், முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, பின் ஆக்சிலின் நடுவில் ஜாக்கி கொடுத்து இரண்டு பின் சக்கரத்தையும் லேசாகத் தூக்குங்கள். (தயாரிப்பாளர் அங்கே தூக்க அனுமதித்திருந்தால் மட்டும். வண்டிக்கு அடியில் போகவே கூடாது.) இப்போது சாய்வு போய்விட்டால் கோளாறு பின் ஸ்பிரிங்கில். அப்படியும் சாய்ந்தே நின்றால் முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் சாய்வு திரும்ப வரும்.

கேள்வி: காயில் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

நான் போடமாட்டேன். அது அந்தச் சுற்றை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பாரம் முழுவதும் மற்ற சுற்றுகளுக்குப் போகும். ஏற்கெனவே களைத்துப்போன கம்பி சீக்கிரம் ஒடியும். ஸ்பிரிங்குக்கு மேலே, தட்டில் உட்காரும் ஸ்பேசர் வேறு. 2 செ.மீ. அளவில் அதை வைக்கலாம். உயரம் வரும், தாங்கும் சக்தி வராது. புது ஸ்பிரிங் வாங்கும்வரை சமாளிக்க உதவும்.

கேள்வி: எங்களுடையது பட்டை ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு). நேராகப் படுத்துவிட்டது. பழைய பட்டையை வளைத்து வாங்குவதா, கூடுதல் பட்டை சேர்ப்பதா?

பட்டை வைத்த வண்டிக்காரர்களுக்குத்தான் சிக்கன வழிகள் அதிகம். ஆனால் முதலில் ஷாக்கிளைப் (பட்டையின் முனையைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் அசையும் துண்டு) பாருங்கள். பட்டை நேராக ஆக ஆக அதன் நீளம் கூடி, ஷாக்கிளைப் பின்னால் தள்ளும். புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உறை) தேய்ந்து ஷாக்கிள் ஆடுகிறதா, சேசிஸில் அது மாட்டியிருக்கும் பிராக்கெட் துருப்பிடித்து இற்றுப்போயிருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். அங்கே துரு இருந்தால் மற்ற எல்லாச் செலவுக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, பட்டைகளைக் கழற்றித் தனித்தனியாகப் பிரியுங்கள். பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றித்தான் விரிசல் பெரும்பாலும் வரும். பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டின் பிடிக்குள் மறைந்திருப்பதால் வண்டியில் மாட்டியபடி கண்ணுக்குப் படாது. விரிசல் விட்ட பட்டையை வளைப்பது வீண்.

எல்லாப் பட்டையும் நல்லதாக இருந்தால், ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கலாம். உலையில் சூடாக்கி, வளைத்து, மறுபடி டெம்பர் (சூட்டுப் பக்குவத்தால் எஃகுக்கு வரும் உறுதி) ஏற்றிக் கொடுக்கிற பட்டறையாகப் பாருங்கள். பச்சையாக அடித்து வளைத்துக் கொடுத்தால் கொஞ்ச நாளில் பழையபடி படுத்துவிடும். கூடுதல் பட்டை சேர்ப்பதென்றால் நீளமான பட்டையாக இருக்கட்டும். குட்டைப் பட்டை நடுவில் மட்டும் பலத்தைக் குவிப்பதால், காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்குக் கூடுதல் பட்டை சரி. குடும்பம் மட்டும் போய்வரும் வண்டிக்கு வளைவு ஏற்றுவதே என் தேர்வு.

மாட்டும்போது யூ போல்ட் புதிதாகப் போடுங்கள். பழையது ஒருமுறை இழுபட்டது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகே இறுதியாக முறுக்குங்கள். தூக்கி வைத்தபடி முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சில நூறு கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: வண்டியிலிருந்து கழற்றாமலே கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

வேண்டவே வேண்டாம். டெம்பர் போய்விடும், அந்த இடத்திலேயே ஒடியும்.

கேள்வி: காயிலுக்குள் வைக்கும் காற்றுப் பை எப்படி?

ஊருக்குப் போகும்போது மட்டும் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு நல்ல சாதனம். தினமும் அமுங்கியே நிற்கும் ஸ்பிரிங்குக்கு அது மாற்று இல்லை. காலியாக ஓட்டும்போதும் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சக் காற்று உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பை நசுங்கிக் கிழியும். இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய் விடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும்.

எதைச் சேர்த்தாலும் வண்டிக்குக் குறித்திருக்கும் மொத்த எடை வரம்பு உயராது. ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழையவைதானே.

கேள்வி: என்னுடையது கம்பெனியிலிருந்தே ஏர் சஸ்பென்ஷன். இரவு நிறுத்தினால் காலையில் பின்பக்கம் தரையோடு. கம்ப்ரஸர் மாற்ற வேண்டுமா?

பைகளுக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் போயிருந்தால் வண்டி எழவே எழாது. எழுந்து இரவில் இறங்கினால் அது கசிவு. வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திவிட்டு, பையின் மடிப்புகளிலும் குழாய் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா பாருங்கள். கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால், புதியதும் ஓயாமல் ஓடிக் கருகும். காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றும் கிட் பல மாடலுக்குக் கிடைக்கிறது. பழைய வண்டிக்கு அது நியாயமான வழி, ஆனால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாதபடி என்ன செய்கிறார்கள் என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: பின்பக்கம் உயர்ந்தாயிற்று. இனி கவனிக்க வேண்டியது?

சில வண்டிகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய், சேசிஸில் உள்ள பிரேக் வால்வில் மாட்டியிருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தம் பிரித்துக் கொடுக்கும். உயரத்தைப் பழைய அளவுக்கு மேலே ஏற்றிவிட்டால், வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதைச் சரியான அளவுக்கு வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் பாருங்கள். ஹெட்லைட்டும் இப்போது கீழே பார்க்கும், அதையும் திருத்தி வையுங்கள்.